வரலாறு யாருடைய கணினியில் இருக்கிறது? உலாவிக்குள் குடிபுகுந்த பதிப்புக் கட்டுப்பாடு

(நீண்ட பதிவு. நிரலெழுதாதவர்களும் வாசிக்கலாம். குறிப்பாக மொழியியல், சுவடியியல், அகராதியியல் மாணவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.)

2014ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, இந்தியாவில் 32 இணைய முகவரிகள் முடக்கப்பட்ட செய்தி வெளியே வந்தது. தொலைத்தொடர்புத் துறையின் ஆணை டிசம்பர் 17 தேதியிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் பிறப்பிக்கப்பட்டது. பயங்கரவாத அமைப்பு சார்ந்த பதிவுகள் அத்தளங்களில் இருப்பதாக மும்பையின் பயங்கரவாதத் தடுப்புப் படை முறையிட்டதே காரணம் என்று சொல்லப்பட்டது. விமியோ, டெய்லிமோஷன், வீப்ளி, பேஸ்ட்பின், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றோடு கிட்ஹப்பின் ‘ஜிஸ்ட்’ என்னும் கிளைத்தளமும் பட்டியலில் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் விமியோ, டெய்லிமோஷன், வீப்ளி, ஜிஸ்ட் ஆகிய நான்கையும் விடுவிக்க நடவடிக்கை தொடங்கிவிட்டதாக அரசு அறிவித்தது. கருத்துச் சுதந்திரம் பற்றிய விவாதமாகவே இந்நிகழ்வு நினைவில் தங்கியிருக்கிறது. எனக்கு அதில் வேறொரு கேள்வி முக்கியமாகப் படுகிறது.

ஜிஸ்ட் 2008இல் தொடங்கப்பட்டது. உலாவியில் ஒரு பெட்டி. அதில் நிரலையோ குறிப்பையோ எழுதிச் சேமித்தால் அதற்கொரு முகவரி கிடைக்கும். பார்வைக்கு அவ்வளவுதான். உள்ளேயோ, ஒவ்வொரு ஜிஸ்டும் முழுமையானதொரு கிட் களஞ்சியம். ஒவ்வொரு திருத்தமும் தனிப் பதிப்பாகப் பதிவாகும். விரும்பினால் அதை முழு வரலாற்றோடும் சொந்தக் கணினிக்குப் படியெடுத்துக்கொள்ளலாம். ஆனால் எத்தனை பேர் அவ்வாறு செய்வர்? உலாவியில் எழுதியதை உலாவியிலேயே விட்டுச்செல்லலாம் என்பதுதானே அதன் கவர்ச்சி! ஆகவே அம்முடக்கம் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்கியிருக்க முடியாது. படி வைத்திருந்தவருக்கு அது ஒரு தொல்லை. உலாவியை மட்டுமே நம்பியவருக்கோ, இன்று எழுதியதும் நேற்றைய வடிவமும் அதற்கு முந்தைய வடிவமும் ஒருசேர எட்டாமற்போயின.

ஒரு பிரதியின் வரலாறு எங்கே வைக்கப்படுகிறது என்பதுதான் அந்தக் கேள்வி. பதிப்புக் கட்டுப்பாட்டின் ஐம்பதாண்டு வரலாற்றை இக்கேள்வியை முன்வைத்துப் படித்தால், வழக்கமாகச் சொல்லப்படும் ‘மேலும் மேலும் வசதி’ என்ற கதை கொஞ்சம் குலைகிறது.

1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்ட் உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ். என்பதிலிருந்து தொடங்குவது மரபு. அதைப் பற்றிய கட்டுரை 1975இல் வெளிவந்தது. அடுத்து, 1982இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் வால்டர் டிக்கி எழுதிய ஆர்.சி.எஸ். இதில் ஓர் அழகான சிந்தனை உண்டு: கடைசிப் பதிப்பை முழுமையாக வைத்துக்கொண்டு, பழைய பதிப்புகளை அதிலிருந்து பின்னோக்கிச் செல்லும் வேறுபாடுகளாக மட்டும் சேமித்தல். மக்கள் பெரும்பாலும் கேட்பது புதியதையே என்பதால் அது உடனே கிடைக்கும். பழையதைக் கேட்பவர் சற்றுக் காத்திருக்க வேண்டும். இவ்விரு கருவிகளிலும் வரலாறு ஒரே கணினியில், மூலக் கோப்பின் பக்கத்திலேயே கிடந்தது. ஒருவர் திருத்தும்போது மற்றவர் கைவைக்கக் கூடாது.

இப்பூட்டைத் திறந்தவர் ஆம்ஸ்டர்டாமின் விரியே பல்கலைக்கழக ஆசிரியர் டிக் கிரூன். மாணவர் இருவரோடு சேர்ந்து அவர் ஒரு சி மொழிமாற்றியை எழுதிக்கொண்டிருந்தார். மாணவருள் ஒருவர் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை ஒழுங்காக உழைப்பவர். இன்னொருவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாதவர். ஆசிரியருக்கோ மாலையில்தான் நேரம். மூவரும் ஒரே கோப்பில் முட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக அவர் எழுதி 1986இல் வெளியிட்டதே சி.வி.எஸ். வழிகாட்டியும் ஆய்வு மாணவரும் வெவ்வேறு நேரங்களில் உழைப்பதிலிருந்து ஒரு பெருங்கருவி பிறந்தது என்பதை நம் துறையினர் எளிதில் நம்புவர். இதன் வழியே பலர் ஒரே நேரத்தில் திருத்த முடிந்தது. ஆனால் வலையமைப்பில் அது பரவியபோது வரலாறு நடுவிலிருந்த வழங்கிக்குப் போய்ச் சேர்ந்தது. நம் கைக்கு வந்தது அன்றைய பதிப்பு மட்டுமே.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கியதன் பின்னணி பலருக்கும் தெரிந்ததே. லினக்ஸ் கருவகத்துக்கு அதுவரை பயன்பட்டுவந்த பிட்கீப்பர் என்னும் வணிக மென்பொருளின் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டது. பிறருடைய கருவிக்குள் தம் வரலாற்றை வைத்திருந்தவர்கள் பட்ட பாடு அது. கிட்டின் வடிவமைப்பில் அப்பாடம் பதிந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன். கிட்டில் ‘குளோன்’ செய்தால் கிடைப்பது இன்றைய பதிப்பு மட்டுமன்று. முதல் நாளிலிருந்து நிகழ்ந்த எல்லாத் திருத்தங்களும், யார், எப்போது, என்ன காரணம் சொல்லிச் செய்தார் என்ற குறிப்புகளோடு வந்துசேரும். ஒவ்வொரு பதிவின் அடையாள எண்ணும் அதன் உள்ளடக்கத்திலிருந்தும் அதற்கு முந்தைய பதிவின் எண்ணிலிருந்தும் கணக்கிடப்படுவதால், நடுவில் யாரேனும் சத்தமின்றி எதையேனும் மாற்றினால் அடுத்துவரும் எண்கள் எல்லாம் மாறிவிடும். மைய வழங்கி எரிந்துபோனாலும் படி வைத்திருக்கும் எவரும் அதை மீட்டெழுப்பலாம்.

ஏட்டுச்சுவடிகள் ஊருக்கு ஊர் படியெடுக்கப்பட்டுப் பிழைத்ததை இதற்கு ஒப்பிடும் ஆசை தமிழாய்வாளருக்கு வருவது இயல்பு. எனக்கு அந்த ஒப்புமையில் பாதி நம்பிக்கைதான். படிகள் பரவியிருந்ததால் நூல் பிழைத்தது என்பது வரை சரி. ஆனால் படியெடுத்தவர் தாம் எந்த ஏட்டைப் பார்த்து எழுதினார், எங்கே, ஏன் மாற்றினார் என்று பெரும்பாலும் எழுதிவைக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் பாடபேதங்களைத் திரட்டித் தந்தது அந்த இழந்த குறிப்புகளைப் பின்னாலிருந்து ஊகிக்கும் வேலை. கிட் அக்குறிப்பை எழுதும் கணத்திலேயே கேட்டு வாங்குகிறது.

இனி உலாவிக்கு வருவோம். உலாவிக்குள் பதிப்புக் கட்டுப்பாட்டை முதலில் பழக்கியவை நிரலெழுதும் கருவிகள் அல்ல, விக்கிகள். வார்ட் கன்னிங்ஹாம் 1995இல் தொடங்கிய விக்கியும் 2001இல் வந்த விக்கிப்பீடியாவும்தான் ‘திருத்து’ என்ற பொத்தானைப் பொதுமக்கள் கையில் கொடுத்தன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதிய ஒவ்வொருவரும், அப்பெயரை அறியாமலே, பதிப்புக் கட்டுப்பாட்டைப் பயின்றவர்களே: பக்கத்தின் வரலாறு, இரு பதிப்புகளின் ஒப்பீடு, முன்னிலைக்கு மீளமைத்தல், தொகுப்புச் சுருக்கம். ஆனால் விக்கிப்பீடியா தொடக்கத்தில் பயன்படுத்திய மென்பொருள் பழைய பதிப்புகளைக் காலப்போக்கில் கழித்துவிடும் இயல்புடையது. 2010 டிசம்பரில் டிம் ஸ்டார்லிங் ஒரு பழைய காப்புப்படியைக் கண்டெடுத்த பிறகே, தொலைந்ததாகக் கருதப்பட்ட தொடக்ககாலத் திருத்தங்கள் பல மீண்டன. உலகின் மிகப் பெரிய கூட்டுப் பிரதி தன் பிறப்பின் சான்றுகளைப் பத்தாண்டுகள் இழந்திருந்தது.

நிரல் உலகில் அக்காலத்து உலாவி ஒரு சாளரம் மட்டுமே. சி.வி.எஸ். களஞ்சியங்களை உலாவியில் பார்க்கலாம், தொட முடியாது. 2009 பிப்ரவரியில் மொசில்லா ஆய்வகம் ‘பெஸ்பின்’ என்னும் சோதனை முயற்சியை வெளியிட்டது. ஸ்டார் வார்ஸ் படத்தில் மேக நகரம் மிதக்கும் கோளின் பெயர் அது. அம்முயற்சி பின்னர் ஆம்ஸ்டர்டாமில் தோன்றிய கிளவுட்9 நிறுவனத்தின் ‘ஏஸ்’ தொகுப்பியோடு கலந்தது. 2011இல் கிட்ஹப் அந்த ஏஸைத் தன் பக்கங்களில் பொருத்தியது. பிறர் களஞ்சியத்திலுள்ள ஒரு பிழையை உலாவியிலேயே திருத்தலாம், பின்னணியில் உங்களுக்கென ஒரு கிளைப்படி தானே உருவாகும் என்ற ஏற்பாடும் அதே ஆண்டில் வந்தது. 2012 இறுதியில் புதிய கோப்பையும் அங்கேயே உருவாக்க முடிந்தது. இன்னொரு பக்கம், மைக்ரோசாஃப்டின் சூரிக் குழுவில் எரிக் காமா உருவாக்கிய ‘மொனாக்கோ’ 2013இல் வெளிவந்தது. அதன் மேல் எழுந்ததே 2015இன் வி.எஸ். கோட். 2018இல் அந்நிறுவனம் கிட்ஹப்பை வாங்குவதாக அறிவித்தது. 2021 ஆகஸ்டில் இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தன: கிட்ஹப்பில் ஒரு களஞ்சியத்தைத் திறந்து முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் போதும், முழுத் தொகுப்பியும் உலாவியில் விரியும். (அந்நிறுவனத்தின் இந்திய வளர்ச்சி மையம் 1998 முதல் இதே ஐதராபாத்தில்தான் இருக்கிறது. முகவரி பக்கத்தில் இருப்பதால் வரலாறு நம் கைக்கு வந்துவிடாது.)

அந்த முற்றுப்புள்ளித் தொகுப்பியில் ஒரு நுட்பமான மாற்றம் நிகழ்ந்துவிட்டது. சொந்தக் கணினியில் கிட்டைப் பயன்படுத்தும்போது பதிவு செய்தல் வேறு, வழங்கிக்கு அனுப்புதல் வேறு. நாள் முழுதும் பத்து முறை பதிந்து, மனம் ஒப்பும்போது அனுப்பலாம்; அனுப்பாமலே வைத்திருக்கலாம். உலாவித் தொகுப்பியில் இவ்விரண்டும் ஒன்றாகிவிட்டன. பதிவு செய்த கணத்தில் அது வழங்கிக்குப் போய்விடும். பதிவு செய்யாத திருத்தமோ உலாவியின் சேமிப்பில் தற்காலிகமாகத் தங்கும்; உலாவியின் தரவைத் துடைத்தால் அதுவும் போகும். கிட் நமக்குக் கொடுத்த நடுநிலம், அதாவது நம்மிடம் மட்டும் இருக்கும் வரலாறு, இங்கே காணாமற்போகிறது. திரையில் தெரிவது கிட், நடைமுறையில் நாம் திரும்பியிருப்பது சி.வி.எஸ். காலத்து மைய வழங்கிக்கு.

இதற்காக உலாவியை நான் பழிக்க மாட்டேன். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது வெளிப்படையானது. பல்கலைக்கழக ஆய்வகக் கணினிகள் பலவற்றில் மாணவர் எதையும் நிறுவ முடியாது. உலாவி மட்டும் திறந்திருக்கும். மடிக்கணினி இல்லாத முதுகலை மாணவருக்கு அதுவே ஒரே பணிமேசை. இரண்டாவது காரணம் தமிழுக்கே உரியது. அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

கிட் பிறந்தது கட்டளை முனையத்தில். முனையம் என்பது ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் உருவானது. கொம்பும் காலும் இருபுறம் நிற்கும் உயிர்மெய்களை அது நெடுங்காலம் சிதைத்தே காட்டியது. இன்றும் பலவற்றில் அதே நிலை. கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் இன்னும் மோசம். கிட்டின் இயல்பான அமைப்பில், ஆங்கிலமல்லாத பெயர்களின் ஒவ்வொரு பைட்டும் எண்ம எண்ணாக மாற்றிக் காட்டப்படும். ‘த’ என்ற ஓரெழுத்து 340, 256, 244 என்று மூன்று எண்களாக நிற்கும். ‘தொல்காப்பியம்’ என்று பெயரிட்ட கோப்பு ஒரு திரை முழுக்க எண்களாக ஓடும். இதை மாற்ற ஓர் அமைப்பு உண்டு. அது இருப்பது தெரிய வேண்டும் என்பதே சிக்கல். உலாவியோ எழுத்துருவைச் சரியாக வடிவமைக்கும். நீக்கிய சொல் சிவப்பில், சேர்த்த சொல் பச்சையில், தமிழ் தமிழாகவே தெரியும். கணினியில் இரு தமிழ்ப் பதிப்புகளின் வேறுபாட்டை ஒழுங்காகப் படிக்க முடிந்த இடம் நம்மில் பலருக்கு முதலில் உலாவியாகவே இருந்தது.

எனினும் உலாவியும் எல்லாவற்றையும் காட்டிவிடாது. ‘கொ’ என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு வழிகளில் எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. எகரக் கொம்பையும் ஆகாரக் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் சமமானவை என்கிறது. கண்ணுக்கும் வேறுபாடில்லை. ஆனால் கிட் ஒப்பிடுவது பைட்டுகளை. இருவர் வெவ்வேறு விசைப்பலகைகளால் தட்டச்சிட்ட கோப்புகளை ஒன்றிணைத்தால் சிவப்பு வரியும் பச்சை வரியும் ஒரே சொற்களோடு அடுத்தடுத்து நிற்கும். பார்ப்பவர் கருவி பழுதென்றே நினைப்பார். கோப்புகளைப் பதிவதற்கு முன் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்குவதே வழி. உலாவியின் பென்சில் பொத்தான் அதைச் செய்து தருவதில்லை.

ஐதராபாத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் மரவங்கிகள். சொற்களுக்கிடையிலான இலக்கண உறவு குறிக்கப்பட்ட வாக்கியத் தொகுப்பையே மரவங்கி என்கிறோம். இந்திய மொழிகளுக்கு இங்குள்ள ஐ.ஐ.ஐ.டி. உருவாக்கிய மரவங்கிகளின் ‘சக்தி’ வடிவமாகட்டும், உலகளாவிய சார்புநிலைத் திட்டமான யூனிவர்சல் டிபெண்டென்சீஸின் ‘கோனல்-யு’ வடிவமாகட்டும், இரண்டும் ஒரு வரிக்கு ஒரு சொல் என்ற எளிய உரைக்கோப்புகள். இரண்டாவது திட்டம் முழுவதும் கிட்ஹப்பில் நடக்கிறது. 2015 ஜனவரியில் 10 மரவங்கிகளோடு முதல் வெளியீடு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் 600 வாக்கியங்கள் கொண்ட தமிழ் மரவங்கி சேர்ந்தது. பிறகு வந்த தெலுங்கு மரவங்கியின் வாக்கியங்கள் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியும் குவினும் 1985இல் எழுதிய இலக்கணத்திலிருந்து எடுக்கப்பட்டவை. உஸ்மானியாவில் மொழியியல் துறையை வளர்த்து, ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்த அப்பேராசிரியரின் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இன்று ஒரு கிட் களஞ்சியத்தில் வரிக்கு ஒரு சொல்லாக நிற்கின்றன.

வரிக்கு ஒரு சொல் என்பதால், வரிகளை ஒப்பிடும் கருவி இங்கே சொற்களை ஒப்பிடும் கருவியாகிறது. ஒரு பெயர்ச்சொல்லின் வேற்றுமைக் குறிப்பை மாற்றினால் அந்த ஒரு வரி மட்டும் நிறம் மாறும். இதுவரை நன்று. ஆனால் ‘அவனும் வந்தான்’ என்ற வாக்கியத்தில் உம்மையைத் தனிச்சொல்லாகப் பிரிப்பதென்று முடிவெடுத்தால்? ‘அவன்’ முதல் சொல், ‘உம்’ இரண்டாம் சொல், ‘வந்தான்’ மூன்றாம் சொல் ஆகிவிடும். ஒவ்வொரு சொல்லும் தன் தலைச்சொல்லை எண்ணால் சுட்டுவதால் அந்த எண்களும் மாறும். இருபது சொல் வாக்கியத்தில் முதல் சொல்லைப் பிரித்தால் இருபது வரிகளும் நிறம் மாறும். திருத்தியவரின் மூளையில் நிகழ்ந்தது ஒரே ஓர் இலக்கண முடிவு. அது அந்த வண்ணக் கலவையில் தெரியாது. பதிவுக் குறிப்பில் அவர் எழுதினால்தான் தெரியும். உலாவித் தொகுப்பியோ அந்தக் குறிப்புக் கட்டத்தில் ‘இன்ன கோப்பு புதுப்பிக்கப்பட்டது’ என்று தானாகவே நிரப்பிவைத்திருக்கிறது. களைத்த மாணவர் அப்படியே பொத்தானை அழுத்துகிறார். உம்மையை ஏன் பிரித்தோம் என்பதற்கு அதன்பின் சான்றில்லை. ஏடெழுதியவர் சொல்லாமல் விட்டது போலவே இதுவும்.

நிறுவனங்களின் ஆயுள் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 ஜூனில் ‘கோட் ஸ்பேசஸ்’ என்னும் களஞ்சிய நிறுவனத்தின் மேகக் கட்டுப்பாட்டுப் பலகையை ஒருவர் கைப்பற்றி, காப்புப்படிகள் உட்படப் பெரும்பகுதியை அழித்தார். நிறுவனம் அதோடு மூடப்பட்டது. கூகுள் கோட் 2015இல் மூடுவிழா அறிவித்தது. 2019 ஜூலையில் அமெரிக்கத் தடைச் சட்டங்களின் பேரால் ஈரான், சிரியா, கிரிமியா பயனர்களின் தனிக் களஞ்சியங்களை கிட்ஹப் பூட்டியது. ஈரானுக்கு 2021இல் திறந்தது. அமேசான் 2016இல் வாங்கிய கிளவுட்9, 2024 ஜூலை முதல் புதியவர்களைச் சேர்ப்பதில்லை. மொழியியல் மாணவர் பலர் அன்றாடம் நிரலோட்டும் கூகுள் கோலாப், கோப்புகளைக் கூகுள் டிரைவில் வைக்கிறது. டிரைவில் ஏற்றப்படும் பொதுவான கோப்புகளின் பழைய பதிப்புகள் 30 நாள் கழிந்தாலோ 100 பதிப்புகளைத் தாண்டினாலோ நீக்கப்படலாம். ‘நிலையாக வை’ என்று குறித்தவை மட்டும் தங்கும். ஐந்தாண்டு முனைவர் பட்ட ஆய்வுக்கு 30 நாள் நினைவு!

உலாவிக்குள்ளேயே முழு வரலாற்றையும் வைத்துக்கொள்வதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. வில்லியம் ஹில்டன் தொடங்கிய ‘ஐசோமார்ஃபிக் கிட்’ என்னும் நூலகம், வழங்கியின் துணையின்றி உலாவிக்குள் பதிவு, கிளை, ஒப்பீடு எல்லாவற்றையும் செய்துகாட்டுகிறது. பெரிய தொகுப்பிகள் அவ்வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவ்வளவே.

உங்கள் மரவங்கியையோ அகராதியையோ உலாவியில் மட்டுமே வளர்த்து வந்திருப்பீர்களாயின், ஒரு நாள் அதைச் சொந்தக் கணினிக்கோ நண்பரின் கணினிக்கோ குளோன் செய்து, பதிவுகளின் விரிவான பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். கிட் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு பெயர்களைக் குறித்துவைக்கும்: எழுதியவர், பதிந்தவர். கணினியிலிருந்து அனுப்பியவற்றில் இரண்டிலும் உங்கள் பெயரே இருக்கும். கிட்ஹப்பின் உலாவித் திரையில் செய்தவற்றில் எழுதியவர் நீங்கள். பதிந்தவர் என்ற இடத்தில் கிட்ஹப் என்றிருக்கும். அப்பட்டியலைக் கேட்கும் கட்டளையும், தமிழ்க் கோப்புப் பெயர்கள் எண்களாக ஓடாமல் தடுக்கும் அமைப்பும் வேண்டுவோர் சொன்னால் எழுதி அனுப்புகிறேன்.